பே ஏரியால ஃப்ளோரல் டிசைன் படிக்கணுமா? சர்டிஃபிகேட்டும் வாலண்டியர் வேலையும் சேர்த்து எப்படி ஆரம்பிக்கறது

சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே பக்கம் இருந்துக்கிட்டு ஃப்ளோரல் டிசைன், அதாவது பூ அலங்காரம், படிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இது. எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரங்களோட துணைக்குக் கிடைக்கிற விசா) வந்து வீட்ல இருக்கிறவங்க, பசங்க ஸ்கூலுக்குப் போனதும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறவங்க, ஐடி போதும்டா சாமின்னு ஆனவங்க, யாரா இருந்தாலும் சரி. ஊர்ல சொன்னா "பூ கட்டறதுக்கு காலேஜா?"ன்னு கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கோர்ஸையும் வாலண்டியர் வேலையையும் தனித்தனியா பாக்காதீங்க, கோர்ஸ் முடிச்சிட்டு அப்புறமா வாலண்டியர் பண்ணிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. கிளாஸ்ல வாரத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு அரேஞ்ச்மெண்ட்தான் பண்ணுவீங்க, எப்படிப் பண்ணணும்னு தெரிஞ்சுக்க அது போதும், கை பழகப் பத்தாது. வீட்ல பழகலாம்னா பூ விலை கையைக் கடிக்கும். ஆனா கல்யாணத்துல மிஞ்சின பூ, கடையில விக்காம நின்ன பூ எல்லாத்தையும் வாங்கி குட்டி குட்டி பொக்கேவா மாத்தி ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்துல இருக்கிற நோயாளிகளைப் பாத்துக்கிற இடம்), முதியோர் இல்லம்னு கொண்டு போய்க் குடுக்கிற குழுக்கள் அமெரிக்காவுல நிறைய ஊர்ல இருக்கு, அங்க ஒரு மதியம் உக்காந்தா கிளாஸ்ல ஒரு மாசம் பண்றதைப் பண்ணிட்டு வந்துடலாம், பூவும் உங்க காசு இல்ல.

எந்த காலேஜ்

ரெண்டு வழி இருக்கு. தனியார் ஃப்ளவர் ஸ்கூல்னா சில வாரத்துல முடிச்சுடுவாங்க, ஃபீஸ் ஆயிரக்கணக்குல போகும். கம்யூனிட்டி காலேஜ்னா செமஸ்டர் கணக்கு, மெதுவா போகும், ஆனா கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (கோர்ஸோட அளவை யூனிட்லதான் கணக்குப் போடுவாங்க) 46 டாலர்தான். அவசரம் இல்லாதவங்களுக்கு நான் கம்யூனிட்டி காலேஜ்தான் சொல்லுவேன். சிட்டி காலேஜ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோல தோட்டக்கலையும் ஃப்ளோரிஸ்ட்ரியும் சேர்ந்த ஒரு டிபார்ட்மெண்டே இருக்கு. சான் பிரான்சிஸ்கோ சிட்டிக்குள்ளயே குடியிருக்கிறவங்களுக்கு 'ஃப்ரீ சிட்டி' திட்டத்துல அந்த யூனிட் ஃபீஸும் கிடையாது, 2017ல இருந்து நடக்குது. ஆனா ரெண்டுக்குமே கலிஃபோர்னியா ரெசிடென்ஸி காட்டணும், குறைஞ்சது ஒரு வருஷமாவது இங்க இருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க, லீஸ், டாக்ஸ், டிரைவர் லைசென்ஸ் மாதிரி. அது இல்லன்னா வெளி மாநிலத்து ஃபீஸ், அது பல மடங்கு. வந்து இறங்கின உடனே சேர அவசரப்படறவங்க இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாத்துக்கங்க.

ஃபீஸ் கம்மின்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி பூ யார் காசுன்னு கேளுங்க. சில கிளாஸ்ல மெட்டீரியல் ஃபீஸ்னு மொத்தமா வாங்கிட்டு அவங்களே பூ குடுப்பாங்க, சில கிளாஸ்ல லிஸ்ட் குடுத்து நீங்களே வாங்கிட்டு வரணும். ரெண்டாவது வகைன்னா பூ செலவு யூனிட் ஃபீஸைத் தாண்டிடும். அப்புறம் லேப் எத்தனை மணி நேரம், ஈவினிங் செக்‌ஷன் இருக்கா, அடுத்த லெவல் கிளாஸ் எல்லா செமஸ்டரும் நடக்குமா இல்ல வருஷத்துக்கு ஒரு தடவைதானா, இதெல்லாம் கேட்டு வச்சுக்கங்க. கடைசியா சொன்னதை யாரும் கேக்க மாட்டாங்க, அதுலதான் சர்டிஃபிகேட் இழுத்துக்கிட்டே போகும்.

கலிஃபோர்னியால பூக்கடை வேலை பாக்க எந்த லைசென்ஸும் தேவையில்ல, அதனால சட்டப்படி இந்த சர்டிஃபிகேட் கட்டாயம் கிடையாது. கடைக்காரங்க பேப்பரைவிட கையைத்தான் பாப்பாங்க. பெரிய அளவுல போகணும்னா 1965ல ஆரம்பிச்ச ஏஐஎஃப்டின்னு அமெரிக்க ஃப்ளோரல் டிசைனர்ஸ் அமைப்பு இருக்கு, அவங்க குடுக்கிற சிஎஃப்டி பட்டத்துக்கு இந்தத் தொழில்ல மரியாதை உண்டு. முதல் செமஸ்டர்ல அதைப் பத்தி யோசிக்க வேண்டாம்.

விசா பத்தி கொஞ்சம்

எச்-4ல இருந்தா படிக்கலாம், பார்ட் டைம், ஃபுல் டைம் ரெண்டுமே. எஃப்-2ன்னா (ஸ்டூடண்ட் விசாக்காரங்களோட துணைக்கான விசா) பார்ட் டைம்தான். ஊர்ல இருந்து விசிட்டர் விசால வந்த அம்மா, மாமியாருக்கு ஆசைன்னா பொழுதுபோக்கா ஒரு நாள் ஒர்க்‌ஷாப் கூட்டிட்டுப் போங்க, கிரெடிட் கோர்ஸ்ல சேத்துடாதீங்க.

வாலண்டியர் விஷயத்துலதான் நம்மாளுங்க மாட்டிக்கிறாங்க. லாப நோக்கம் இல்லாத அமைப்புல, சம்பளம் குடுத்து ஆள் வைக்காத வேலையை, ஒண்ணும் வாங்காம சேவையா பண்றது வாலண்டியர். பூக்கடைக்காரர் "சும்மா வந்து கத்துக்கோம்மா, அனுபவம் கிடைக்கும்"னு கூப்பிடறது வாலண்டியர் இல்ல, அது சம்பளம் இல்லாத வேலை. அமெரிக்க தொழிலாளர் சட்டப்படி தனியார் வியாபாரத்துக்கு யாரும் வாலண்டியரா வேலை பாக்க முடியாது, அதோட ஈஏடி (வேலை பாக்க அரசாங்கம் குடுக்கிற அனுமதி அட்டை) இல்லாத எச்-4 ஆளுக்கு விசா சிக்கல் வேற. கடையில நிக்கணும்னா ஈஏடி வந்தப்புறம், சம்பளத்தோட. சந்தேகம் இருந்தா வக்கீலைக் கேளுங்க, வாட்ஸ்அப் குரூப்பைக் கேக்காதீங்க.

சேர்றது

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல சேர சிசிசி அப்ளைன்னு ஒரே ஆன்லைன் ஃபார்ம், காசு கிடையாது. ஃபால் செமஸ்டர் ஆகஸ்ட்ல, ஸ்ப்ரிங் ஜனவரியில ஆரம்பிக்கும். லேப்ல இடம் குறைவு, அதனால முதல் லெவல் கிளாஸ் சீக்கிரம் நிறைஞ்சுடும், வெயிட்லிஸ்ட்ல இருந்தாலும் முதல் நாள் நேர்ல போய் நில்லுங்க, வராதவங்க இடத்தை டீச்சர் அங்கேயே எடுத்துக் குடுத்துடறது உண்டு.

சாமான் கடையையே வாங்கிடாதீங்க. ஒரு நல்ல கட்டர், ஒரு பூக்கடைக் கத்தி, ஒயர் வெட்ட தனியா ஒரு பழைய கட்டர் (பூ வெட்டறதுலயே ஒயரையும் வெட்டினா வாய் போயிடும்), பச்சை ஸ்டெம் டேப், ரெண்டு பக்கெட். ஒயர்ல நம்பர் ஏற ஏற மெலிசு, 18 தடி, 26 நூல் மாதிரி. ஸ்டெம் டேப் முதல்ல ஒட்டவே ஒட்டாத மாதிரி இருக்கும், இழுத்துக்கிட்டே சுத்தணும், இழுத்தாத்தான் உள்ள இருக்கிற மெழுகு வெளிய வந்து ஒட்டும். மல்லி தொடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடத்துல சட்டுனு வந்துடும், நூலை இறுக்கணும் ஆனா காம்பு அறுந்துடக் கூடாதுங்கிற அந்தப் பக்குவம்தான் கோர்சாஜ் (டிரஸ்லயோ மணிக்கட்டுலயோ வச்சுக்கிற சின்னப் பூங்கொத்து) கட்டறதுக்கும் வேணும். அவங்க பாடத்துல முழம் கணக்குல சரம் தொடுக்கறது இருக்காது, நீங்க டீச்சருக்குக் கட்டிக் காட்டினா அன்னைக்கு கிளாஸே உங்க பக்கம்தான்.

பூவுக்குத் தண்ணி காட்டறது

எல்லாரும் டிசைன் டிசைன்னு போவாங்க, என்னைக் கேட்டா முதல் மாசம் பூராவும் கண்டிஷனிங்தான் (வந்த பூவை வெட்டி, தண்ணி ஏத்தித் தயார் பண்றது) கத்துக்கணும்னு சொல்லுவேன். நம்ம ஊர்ல காலைல பறிச்ச பூ சாயங்காலம் தலைல இருக்கும். இங்க கடையில வர்ற ரோஸ் பெரும்பாலும் கொலம்பியா, ஈக்வடார்ல வெட்டி பிளேன்ல மயாமிக்கு வந்து அங்கேர்ந்து லாரில வரும், பல நாள் தண்ணியே பாக்காம டப்பால படுத்திருக்கும். வந்த உடனே அதுக்கு என்ன பண்றோம்ங்கிறதுலதான் மூணு நாள் நிக்குமா பத்து நாள் நிக்குமான்னு இருக்கு.

பக்கெட்டை பிளீச் போட்டுக் கழுவுங்க, பாக்க சுத்தமா இருந்தாலும். பாக்டீரியா பெருகித்தான் காம்போட குழாய் அடைச்சுக்குது, தண்ணி ஏறாம தலை தொங்கிடும். தண்ணிக்குள்ள போற அளவுக்கு இலையெல்லாம் உருவிடுங்க. காம்பை ஒரு இன்ச் சாய்வா வெட்டி உடனே தண்ணில வைங்க, வெட்டிட்டு போன் பேசப் போகாதீங்க. பூவோட வர்ற அந்தப் பாக்கெட் பவுடர் உண்மையிலேயே வேலை செய்யும், அதுல சர்க்கரை, தண்ணியைப் புளிப்பாக்க ஒரு அமிலம், பாக்டீரியாவைக் கொல்ல ஒண்ணு, மூணும் இருக்கு. பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணிக்குத்தான் கலக்கணும், கண் அளவுல தூவினா சர்க்கரை மட்டும் போய் பாக்டீரியாவுக்கு விருந்தாயிடும்.

பூக்கடை கூலர் 34ல இருந்து 38 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்கும். ஆந்தூரியம், பேர்ட் ஆஃப் பாரடைஸ் மாதிரி வெப்ப நாட்டுப் பூவை அதுல வைக்கக் கூடாது, கறுத்துடும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்துல பூ வைக்காதீங்க, பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயுல கார்னேஷன் ராத்திரியோட ராத்திரியா சுருங்கிடும். ஹைட்ரேஞ்சியா தொங்கிடுச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க, காம்பை வெட்டி பூத்தலையையே தண்ணில கொஞ்ச நேரம் முக்கி வைங்க, பல தடவை எழுந்துக்கும். டஃபோடில் வெட்டினா வழவழன்னு ஒண்ணு வரும், அது மத்த பூவுக்கு ஆகாது, சில மணி நேரம் தனியா வச்சுட்டு திரும்ப வெட்டாம சேக்கணும். டியூலிப் வெட்டினப்புறமும் வளரும், இன்னைக்கு சமமா வச்சா நாளைக்கு நாலு தலை மட்டும் எட்டிப் பாக்கும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

கைக்கு கிளவுஸ் போடுங்க. அல்ஸ்ட்ரோமேரியா, டியூலிப் ரெண்டும் தினமும் தொட்டா சிலருக்கு விரல் நுனி வெடிச்சு அலர்ஜி ஆகும், இறக்குமதி பூவுல பூச்சி மருந்தும் இருக்கும். இதழ் பெருசா இருக்கேன்னு குல்கந்து போட ஆரம்பிச்சுடாதீங்க.

கிளாஸ்ல முதல்ல வர்றது

வட்டம், முக்கோணம், நீட்டு வாக்குல டேபிள் அரேஞ்ச்மெண்ட், அப்புறம் கோர்சாஜ், பூட்டனியர் (கோட்டுல குத்திக்கிற பூ), கையில கட்டற பொக்கே, இப்படித்தான் வரிசை போகும். ஜாடி உயரத்துக்கு ஒண்ணரை மடங்கு பூ உயரம்னு ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, ஆரம்பத்துல அதையே பிடிச்சுக்கங்க, மீறறது அப்புறம். செடிப் பேரை லத்தீன்ல கேக்கிற டெஸ்ட் வந்தா பயப்படாதீங்க, போன்ல படம் எடுத்து பேர் எழுதி பஸ்ல போறப்ப பாத்தாலே போதும்.

ஸ்பைரல் பொக்கேவுலதான் நிறைய பேர் திணறுவாங்க. முதல் பூவை நேரா பிடிங்க, அடுத்த காம்பை சாய்வா வைங்க, அதுக்கடுத்ததும் அதே பக்கம் சாய்வு, எல்லாமே ஒரே திசையில, ஒவ்வொண்ணு வைக்கிறப்பவும் பூக்கட்டைக் கையிலயே லேசா திருப்பிக்கிட்டே போங்க. விரல் பிடிக்கிற இடம் மாறவே கூடாது, அங்கதான் கடைசியில கட்டுவீங்க. ஒரு காம்பு எதிர்ப்பக்கம் போனாலும் மொத்தமும் முறுக்கிக்கிட்டு காம்பு ஒடியும். சரியா வந்துச்சுன்னா காம்பை சமமா வெட்டி மேஜைல வச்சா அதுவா நிக்கும். விலை கம்மியான இலைக்கொத்தை வச்சே இதைப் பழகலாம், பூ வேணும்னு இல்ல.

ஃபோம் பத்தி ஒரு வார்த்தை. 1954ல ஸ்மிதர்ஸ் கம்பெனி ஓயாசிஸ்னு கொண்டு வந்த, பூவைக் குத்தி வைக்கிற அந்தப் பச்சை செங்கல். தண்ணில போட்டா அதுவா முங்கணும், அமுக்கினா உள்ள காத்து நின்னு பூ காய்ஞ்சிடும், ஒரு தடவை குத்தின ஓட்டைல திரும்பக் குத்தக் கூடாது. ஆனா சாதாரண ஃபோம் பிளாஸ்டிக், பொடிப் பொடியாகி மைக்ரோபிளாஸ்டிக்காதான் போகும், அதனால அந்தத் தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்க. செல்சி ஃப்ளவர் ஷோ நடத்தற ஆர்எச்எஸ்ங்கிற பிரிட்டிஷ் தோட்டக்கலை சங்கம் அவங்க ஷோக்கள்ல இதைத் தடை பண்ணிட்டாங்க. பரீட்சைக்காக ஃபோம் கத்துக்கங்க, கூடவே கோழிவலை, கென்ஸான் (காம்பைக் குத்தி நிறுத்தற ஊசித் தட்டு), ஜாடி வாயில ஒட்டற டேப் கட்டம்னு இதையும் பழகிக்கங்க. வாலண்டியர் வேலையில ஃபோமே வேண்டாம், சாதாரண ஜாம் பாட்டில்தான்.

எங்க வாலண்டியர் பண்றது

முன்மாதிரின்னா ரேண்டம் ஆக்ட்ஸ் ஆஃப் ஃப்ளவர்ஸ், 2008ல டென்னசி நாக்ஸ்வில்ல ஆரம்பிச்சது. அதை ஆரம்பிச்ச லார்சன் ஜே விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவர் ரூம் பூரா பூ, பக்கத்து ரூம்கள்ல ஒரு பூ கூட இல்ல, தன் பூவையெல்லாம் எடுத்துட்டுப் போய் அவங்களுக்குக் குடுத்ததுல தொடங்கினது. இப்ப இந்த மாதிரி சின்னதும் பெருசுமா நிறைய குழு இருக்கு. உங்க ஊர் பேரோட 'பூ மறுபயன்பாடு', 'ஹாஸ்பிஸ் பூ வாலண்டியர்'னு இங்கிலீஷ்ல தேடுங்க, ஹாஸ்பிஸ் வாலண்டியர் கோஆர்டினேட்டருக்கே நேரா மெயில் போடுங்க, உங்க டீச்சர்கிட்டயும் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாத குழு இருக்காது. பே ஏரியாலயே வுட்சைட்ங்கிற ஊர்ல ஃபிலோலின்னு ஒரு பழைய மாளிகை, 1917ல கட்டி முடிச்சது, அந்த வீட்டுக்குள்ள வைக்கிற பூ அலங்காரத்துல வாலண்டியர்களுக்குப் பங்கு உண்டு, தோட்டப் பூவுல கை வைக்கணும்னு ஆசை இருக்கிறவங்க அங்க கேட்டுப் பாக்கலாம்.

ஆஸ்பத்திரின்னா டிபி டெஸ்ட், தடுப்பூசி பேப்பர், பின்னணி விசாரணை, சில இடத்துல லைவ் ஸ்கேன் கைரேகை எல்லாம் கேப்பாங்க, வாரக்கணக்குல இழுக்கும். அதனாலதான் காலேஜ் ஃபார்ம் போடற அன்னைக்கே இதையும் போடச் சொல்றேன்.

வேலை எப்படி இருக்கும்னா, ஞாயித்துக்கிழமை காலைல கல்யாண மண்டபத்துல இருந்தோ ஹோட்டல்ல இருந்தோ பூ வரும், முந்தின நாள் பூரா வெளிச்சத்துல நின்ன களைப்போட. முதல்ல பிரிக்கணும். பழுப்படிச்ச வெளி இதழை உரிச்சா உள்ள ரோஸ் புதுசா இருக்கும், கழுத்து வளைஞ்சது போகட்டும், ஒயர் போட்டது தனியா. திரும்ப வெட்டி ரெண்டு மணி நேரமாவது தண்ணில நிக்கட்டும். அப்புறம்தான் கட்டறது. கிளாஸ்ல நீங்க கேட்ட கலர் இருக்கும், இங்க வந்ததுதான் கலர். ஆறு வெள்ளை ரோஸ், யாரும் சீண்டாத பிங்க் கார்னேஷன், ஒரு மூட்டை யூகலிப்டஸ், இதை வச்சு ஒரே மாதிரி இருவது பாட்டில் பண்ணுன்னா மூளை வேற மாதிரி வேலை செய்யும் பாருங்க. வேகமும் இங்கதான் வரும், பூக்கடைல ஒரு அரேஞ்ச்மெண்ட்டுக்கு ஒரு மணி நேரமெல்லாம் யாரும் தர மாட்டாங்க.

குடுக்கிற இடத்தை முன்னாடியே விசாரிச்சுக்கங்க. ஐசியு, கேன்சர் வார்டு, உறுப்பு மாற்று சிகிச்சை வார்டெல்லாம் பெரும்பாலும் பூவையே உள்ள விட மாட்டாங்க. ஞாபக மறதி நோய் இருக்கிற பெரியவங்க இல்லத்துக்கு கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் டம்ளர் போதும், பழம் மாதிரி தெரியற பெர்ரி, விஷப்பூ எதுவும் வைக்காதீங்க, வாயில போட்டுக்குவாங்க. லில்லியோட வாசனை நோயாளிக்குக் குமட்டும், மகரந்தம் துணில பட்டா போகாது, வச்சே ஆகணும்னா விரியற அன்னைக்கே மகரந்தத்தைக் கிள்ளிடுங்க. பூனை வளக்கிற வீட்டுக்கு லில்லி கூடவே கூடாது, பூனையோட கிட்னியைக் காலி பண்ணிடும். அப்புறம், கையில குடுத்துட்டு ஓடி வந்துடாதீங்க. சிலர் எந்த பூன்னு கேப்பாங்க, சிலர் அவங்க அம்மா தோட்டத்தைப் பத்தி ஆரம்பிச்சு விட மாட்டாங்க, உக்காந்து கேளுங்க, அதுக்கும் சேத்துத்தான் வந்திருக்கீங்க.

நோட்டு, மார்க்கெட், வேலை

ஒவ்வொரு அரேஞ்ச்மெண்ட்டுக்கும் ரெசிபி எழுதுங்க, இந்தத் தொழில்ல அப்படித்தான் சொல்லுவாங்க, எந்த பூ எத்தனை காம்பு, என்ன விலை. ஜன்னல் பக்கம் வெள்ளைச் சுவர் முன்னாடி வச்சு ஒரு போட்டோ. வாலண்டியர் பூவுக்கும் விலை போட்டுப் பழகுங்க. பொதுவா பூவோட மொத்த விலையை மூணு, மூணரை மடங்கு பண்ணி, ஜாடிக்கு ரெண்டு மடங்கு போட்டு, அதுக்கு மேல கூலி சேப்பாங்க. முதல் தடவை கணக்குப் போடறப்ப கொள்ளை மாதிரி தோணும், வாடிப் போற பூவையும் கடை வாடகையையும் சேத்தா அப்படித் தோணாது. நோயாளிங்க இருக்கிற போட்டோ மட்டும் போடாதீங்க.

சான் பிரான்சிஸ்கோ ஃப்ளவர் மார்ட்டுக்கு கண்டிப்பா ஒரு தடவை போங்க. 1912ல ஜப்பானிய விவசாயிகள் சேர்ந்து ஆரம்பிச்ச கலிஃபோர்னியா ஃப்ளவர் மார்க்கெட், இத்தாலியர்களோடது, சீனர்களோடதுன்னு தனித்தனியா இருந்த சந்தைகள் 1956ல ஆறாவது தெரு, பிரானன் முக்குல ஒண்ணு சேர்ந்தது, இப்ப பொட்ரேரோ ஹில் பக்கம் மாறிடுச்சு. விடியறதுக்கு முன்னாடி வியாபாரிகளுக்கு மட்டும், மத்தவங்களுக்கு அப்புறம்தான், நேரம் பாத்துட்டுப் போங்க. மொத்த விலைக்கு வாங்கணும்னா செல்லர்ஸ் பெர்மிட் (பொருள் விக்கிறதுக்கு கலிஃபோர்னியா குடுக்கிற அனுமதி) வேணும், விக்க ஆரம்பிச்சாலும் அது வேணும். கோயம்பேடு மாதிரி பேரம் எல்லாம் எடுபடாது, ஆனா அடிக்கடி போய் முகம் தெரிஞ்சா மிஞ்சின பூக்கட்டுகளை விலை குறைச்சுத் தருவாங்க.

ஈஏடி இருக்கிறவங்களுக்கு முதல் சம்பள வேலை பெரும்பாலும் வேலன்டைன்ஸ் டே வாரத்துலயோ மே மாசம் மதர்ஸ் டே வாரத்துலயோ கிடைக்கும், அப்ப எல்லா கடைக்கும் ஆள் பத்தாது. ஜனவரி கடைசியிலயே போய்க் கேளுங்க, டிசைனர் வேலைன்னு கேக்காதீங்க, ரோஸ் முள் எடுக்கறேன், பூ கண்டிஷன் பண்றேன், பக்கெட் கழுவறேன்னு சொல்லுங்க, உடனே எடுத்துப்பாங்க. காலுக்கு வழுக்காத ஷூ, உள்ள ஒரு ஸ்வெட்டர், கூலர்க்குள்ள போய் போய் வரணும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள்னு மெசேஜ்லயாவது எழுதி வாங்கிக்கங்க.